சுத்துது, கட்டம் கட்டமா தெரியுது, சத்தம் வரல: கல்யாண லைவ்ல கத்துக்கிட்ட வார்த்தைங்க

மன்னார்குடி பக்கத்துல ஒரு சின்ன ஸ்டூடியோ நடத்துறேன். போட்டோ, வீடியோ, ஆல்பம், அப்பப்ப கோயில் திருவிழான்னு ஓடிட்டிருந்த பொழப்புல லைவ்ங்குற ஐட்டம் பெருசா உள்ள வந்தது 2020 லாக்டவுன்லதான். கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல கூடாதுன்னு உத்தரவு போட்டுட்டாங்க, நம்ம பக்கம் தெருவுக்கு நாலு வீட்டு ஆளு சிங்கப்பூர், மலேசியா, துபாய்னு இருக்காங்க, அவங்களுக்கெல்லாம் தாலி கட்டுறத காட்டியாகணும். கட்டுப்பாடு போயி வருசக்கணக்காச்சு, லைவ் மட்டும் போகல. இப்ப பத்திரிகையிலயே க்யூஆர் கோடு அடிச்சு குடுக்குறாங்க.

இதுல வர்ற கம்ப்ளெய்ன்ட் எல்லாத்துக்கும் நம்ம ஊர்ல ஒரே பேருதான், "நெட் ஸ்லோ". படம் சுத்தினாலும் நெட் ஸ்லோ, கட்டம் கட்டமா தெரிஞ்சாலும் நெட் ஸ்லோ, வாத்தியார் வாய் ஒரு பக்கம் மந்திரம் ஒரு பக்கம் போனாலும் நெட் ஸ்லோ. ஆனா இது ஒவ்வொண்ணும் வேற வேற எடத்துல வர்ற கோளாறு. கேமரால இருந்து சிங்கப்பூர்ல இருக்குற சித்தியோட போன் வரைக்கும் நடுவுல அஞ்சாறு எடம் இருக்கு, ஒவ்வொரு எடத்துக்கும் ஒரு வார்த்தை இருக்கு, அது தெரிஞ்சா எங்க கை வைக்கணும்னு தெரியும், தெரியலன்னா மோடத்த ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டே இருப்போம், அதுக்குள்ள முகூர்த்தம் முடிஞ்சிரும். புதுசா லைவ் இறங்குற தம்பிங்க நெறைய பேர் போன் பண்ணி கேக்குறாங்க, அதான் உக்காந்து எழுதிட்டேன்.

முதல்ல ஸ்பீடு விஷயம். கேபிள்காரர் "100 எம்பிபிஎஸ் போட்டுருக்கேன்ணே"ன்னு சொல்லுவாரு. எம்பிபிஎஸ்னா செகண்டுக்கு இத்தனை மெகாபிட்டு, அதுல இருக்குறது பிட்டு, பைட்டு இல்ல. 8 பிட்டு சேந்தாதான் ஒரு பைட்டு, அதனால 100 எம்பிபிஎஸ்னா செகண்டுக்கு 12.5 எம்பிதான் இறங்கும். அத விட முக்கியம், அவர் சொல்ற நம்பர் பெரும்பாலும் டவுன்லோடு. லைவ் பண்றவனுக்கு டவுன்லோடு எவ்ளோ இருந்தா என்ன, நமக்கு வேண்டியது அப்லோடு, நம்ம கிட்டேருந்து மேல போற ஸ்பீடு. ஃபைபர்ல ரெண்டும் கிட்டத்தட்ட சமமா குடுக்குற பிளான் இருக்கு, போன் சிம்ல அப்லோடு எப்பவும் கம்மிதான். அதனால மண்டபம் பாக்கப் போனா ஸ்பீடு டெஸ்ட்ல ரெண்டாவதா ஓடுற நம்பர மட்டும் பாருங்க.

அதையும் முந்தின நாள் சாயங்காலம் காலி மண்டபத்துல பாத்துட்டு நம்பிடாதீங்க. காலையில முகூர்த்தத்துக்கு அறுநூறு பேரு வந்து உக்காந்து எல்லாரும் ஸ்டேட்டஸ் ஏத்துவாங்க, அந்த ஏரியாவுக்கு இருக்குற டவர் அதே டவர்தான், உங்க சிம்மும் அவங்க சிம்மும் ஒரே வரிசையில நிக்கும். திருவாரூர் ஆழித்தேர் அன்னைக்கு தெற்கு வீதியில நின்னு போன்ல ஒரு போட்டோ அனுப்பிப் பாருங்க, நான் சொல்றது புரியும், டவர் புள்ளி ஃபுல்லா காட்டும், படம் போகாது. அந்த புள்ளி சிக்னல் எவ்ளோ கிடைக்குதுன்னு மட்டும்தான் சொல்லும், எத்தனை பேர் பங்கு போடுறாங்கன்னு சொல்லாது. என் கணக்கு, கூட்டம் இருக்கும்போது டெஸ்ட் பண்ணி வர்ற அப்லோடுல பாதிக்கு மேல லைவுக்கு எடுக்க மாட்டேன். 8 காட்டுச்சுன்னா 4.

முடிஞ்சா முந்தின வாரமே அந்த ஊரு கேபிள்காரர்கிட்ட சொல்லி மண்டபத்துக்கு ஒரு டெம்ப்ரவரி ஃபைபர் லைன் இழுத்துக்குறது நல்லது, அவங்களும் கல்யாணத்துக்குன்னா காசு வாங்கிட்டு பண்ணிக் குடுப்பாங்க. லைன் வந்தப்புறம் ரவுட்டர்ல இருந்து லேப்டாப்புக்கு வயர்தான் போடணும். வைஃபை பாஸ்வேர்டு ஒரு மாமாவுக்கு தெரிஞ்சா போதும், அரைமணி நேரத்துல மொத்த மாப்பிள்ளை வீட்டுக்கும் தெரிஞ்சிரும்.

சிம்லதான் பண்ணணும்னா டேட்டா கணக்க போட்டுக்குங்க. இந்த கணக்குக்கு வேண்டிய வார்த்தைதான் பிட்ரேட்டு, ஒரு செகண்டுக்கு எத்தனை பிட்டு அனுப்புறோம்ங்குறது. 3 எம்பிபிஎஸ்ல லைவ் போனா ஒரு மணி நேரத்துக்கு 1.35 ஜிபி. 4 எம்பிபிஎஸ்னா 1.8 ஜிபி. தினம் 2 ஜிபி பிளான் போட்ட சிம்ம மாட்டிட்டு காலையில அஞ்சு மணிக்கு மாப்ள அழைப்புல லைவ் ஆரம்பிச்சீங்கன்னா ஆறரைக்கு பிளான் தீந்துரும், அதுக்கப்புறம் 64 கேபிபிஎஸ்தான் (1000 கேபிபிஎஸ் சேந்தாதான் ஒரு எம்பிபிஎஸ்), அதுல படம் இல்ல, போட்டோ கூட போகாது. முகூர்த்தம் ஏழு மணிக்கு இருக்கும். பக்கத்து ஊர்ல ஒரு கல்யாணத்துல இது அப்படியே நடந்துச்சு, பாவம் அந்த தம்பி நெட் கம்பெனிக்கு போன் போட்டு கத்திக்கிட்டிருந்தான், அவங்க மேல தப்பே இல்ல.

அடுத்தது ரெசொல்யூஷன், படத்துல எத்தனை புள்ளி இருக்குங்குறது. வீட்டுக்காரங்க கேக்குற முதல் கேள்வி "ஃபோர்கே லைவ் உண்டா?" அவங்க கேக்குறதுல தப்பில்ல, டிவி கடையில அப்படித்தான் சொல்லி வித்துருக்காங்க. 720பின்னா குறுக்க 1280, நெடுக்க 720 புள்ளி. 1080பில அதப்போல ரெண்டேகால் மடங்கு புள்ளி, ஃபோர்கேல அந்த 1080பிய நாலா பெருக்கணும். இப்ப நம்மகிட்ட இருக்குற பிட்ரேட்டு 3 எம்பிபிஎஸ்தான்னு வச்சுக்குங்க, அந்த 3ஐ 720பி புள்ளிக்கு பங்கு வச்சா ஒவ்வொண்ணுக்கும் ஓரளவு கிடைக்கும், 1080பிக்கு பங்கு வச்சா ஆளுக்கு பாதி கூட வராது, அப்பதான் படம் கட்டம் கட்டமா உடையுது. அதனால கம்மி நெட்ல 1080பின்னு பேருக்கு அனுப்புறத விட 720பில தெளிவா அனுப்புறது எவ்வளவோ மேல். நான் மண்டபத்துல சிம்ல பண்ணா 720பி, 2500ல இருந்து 4000 கேபிபிஎஸ்க்குள்ள, ஃபைபர் இருந்தாத்தான் 1080பி பக்கமே போறது.

ஏன் கட்டம் வருதுன்னு கொஞ்சம் உள்ள போய் பாத்தா சுவாரஸ்யமா இருக்கும். 1080பி படத்த செகண்டுக்கு 25 ஃப்ரேம் (ஒவ்வொண்ணும் அசையாத ஒரு தனிப் படம்) வீதம் அமுக்காம அப்படியே அனுப்பினா 1200 எம்பிபிஎஸ்க்கு மேல வேணும். அத 4 எம்பிபிஎஸ்க்கு கொண்டு வரணும்னா முன்னூறுல ஒரு பங்கா சுருக்கணும். அந்த சுருக்குற முறைக்குத்தான் கோடெக்னு பேரு. எச்.264ங்குறது 2003ல வந்த கோடெக், இன்னைக்கும் லைவுக்கு அதுதான் வேலைக்காரன். அதுக்கப்புறம் 2013ல எச்இவிசி வந்துச்சு, 2018ல ஏவி1 வந்துச்சு, ரெண்டும் அதே தெளிவுக்கு கம்மி பிட்டு எடுத்துக்கும், ஆனா சுருக்குறதுக்கு கம்ப்யூட்டர் கூடுதலா உழைக்கணும், எல்லா எடத்துலயும் வாங்கவும் மாட்டாங்க.

கோடெக் என்ன பண்ணும்னா ஒவ்வொரு ஃப்ரேமையும் முழுசா அனுப்பாது. ஒரு முழு ஃப்ரேம் அனுப்பும், அதுக்கு பேரு கீஃப்ரேம், அதுக்கப்புறம் வர்றதுல எல்லாம் என்ன மாறிச்சோ அத மட்டும் அனுப்பும். மணமேடையில மாப்ளயும் பொண்ணும் சும்மா உக்காந்திருந்தா மாறுறது கம்மி, 2 எம்பிபிஎஸ்லயே கண்ணாடியா இருக்கும். கெட்டிமேளம் கொட்டும்போது பாருங்க, சுத்தி நிக்கிறவங்க அத்தனை பேர் கையும் அசையும், அட்சதையும் பூவும் ஃப்ரேம் முழுக்க பறக்கும், ஜரிகை மின்னும், பின்னாடி சீரியல் செட் ஓடும், நாலு போட்டோகிராபர் ஃபிளாஷ் அடிப்பாங்க. படத்துல ஒரு புள்ளி விடாம எல்லாம் மாறுது, பிட்ரேட்டு அதேதான், அதனால எச்.264 தன்னோட 16க்கு 16 புள்ளி கட்டத்துக்குள்ள இருக்குற நுணுக்கத்தையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு ஒப்பேத்தும். மூணு மணி நேர லைவ்ல எந்த பத்து செகண்ட் நல்லா இருக்கணுமோ சரியா அந்த பத்து செகண்டுதான் உடையும். "காலையிலேருந்து நல்லாத்தான தெரிஞ்சுது, தாலி கட்டும்போது பாத்து நெட்டு போச்சே"ன்னு அப்பாக்காரர் வருத்தப்படுவாரு. நெட்டு எங்கயும் போகல.

இதுக்கு நான் பண்றது, அந்த நேரத்துல கேமராவ ஆட்டுறதே இல்ல, டிரைபாட்ல லாக், ஜூம் இல்ல, கையில எடுத்துட்டு சுத்துற கிம்பல் கேமரா லைவுக்கு கிடையாது, ரெக்கார்டிங்குக்கு மட்டும். பின்னாடி ஓடுற சீரியல் செட்ட ஓடாம நிலையா எரிய விடச் சொல்லி டெக்கரேஷன்காரர்கிட்ட முன்னாடியே சொல்லிருவேன், அதுலயே பாதி தெளிஞ்சிரும். தண்ணியும் இதே கதைதான். ஆடிப்பெருக்குக்கு திருவையாறு புஷ்ய மண்டபத் துறையில, ஐப்பசி கடைமுகத்துக்கு மாயவரம் துலாக்கட்டத்துல எல்லாம் லைவ் பண்றவங்க கவனிச்சிருப்பாங்க, ஓடுற தண்ணி ஃப்ரேம்ல பாதிக்கு மேல வந்தா ஆளுங்க மூஞ்சியும் சேந்து கொழகொழன்னு ஆயிடும். அலை ஒவ்வொண்ணும் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறுது, பிட்டெல்லாம் காவிரிக்கே போயிரும். கேமராவ கொஞ்சம் மேல தூக்கி படித்துறையையும் ஆளுங்களையும் கூட வாங்குங்க, தண்ணி ஓரமா இருக்கட்டும்.

கீஃப்ரேம் இடைவெளிய 2 செகண்டுன்னு வச்சிருங்க, யூடியூப் கேக்குறதும் அதுதான், 4 செகண்ட தாண்டக்கூடாது. பிட்ரேட்ட சிபிஆர்ல வைங்க, ஒரே அளவா போறது லைவுக்கு நல்லது. ஃப்ரேம் ரேட்டு 25. எல்லாரும் 30 வைக்கிறாங்களே நீ ஏன் 25ன்னு கேப்பீங்க. நம்ம ஊரு கரண்டு 50 ஹெர்ட்ஸ், ட்யூப்லைட்டும் மட்டமான எல்இடியும் செகண்டுக்கு 100 தடவ மினுக்கும், 30 ஃப்ரேம்ல ஷட்டர் 60ல ஒண்ணுன்னு வச்சா படத்துல கறுப்பு பட்டை ஓடும். 25 ஃப்ரேம், ஷட்டர் 50ல ஒண்ணு, பட்டை போயிரும். கேமரா மெனுவுல பால் (PAL)னு ஒரு ஆப்ஷன் இருந்தா அத போட்டுக்குங்க.

இனி லேப்டாப். கேமராலேருந்து வர்ற படத்த வாங்கி சுருக்கி அனுப்புற வேலைய செய்யுறதுக்கு என்கோடர்னு பேரு, நம்மாளுங்க முக்காவாசி பேர் ஓபிஎஸ் ஸ்டூடியோங்குற சாஃப்ட்வேர் போட்டுத்தான் பண்றோம், காசு கிடையாது. அது மேல அனுப்புறது ஆர்டிஎம்பிங்குற வழியில. இது முன்னாடி ப்ரவுசர்ல வீடியோ ஓட்டுன அடோபி ஃப்ளாஷ் காலத்து சரக்கு, ஃப்ளாஷ் 2020 டிசம்பர் 31ஓட மூடியாச்சு, ஆனா நாம அனுப்புற பக்கம் மட்டும் ஆர்டிஎம்பி இன்னும் ஓடிட்டுதான் இருக்கு.

ஓபிஎஸ்ல ஸ்டாட்ஸ்னு ஒரு பெட்டி இருக்கு, பாதி பேர் அத திறந்தே பாக்க மாட்டாங்க. எனக்கு அந்த பெட்டி திறந்திருக்காம லைவ் ஆரம்பிக்க கை வராது. அதுல மூணு வரி. டிராப்டு ஃப்ரேம்ஸ் ஏறுச்சுன்னா அப்லோடு பத்தல, நெட்டுப் பக்கம் பாருங்க, இல்ல பிட்ரேட்ட குறைங்க. என்கோடிங் லேக்னால ஸ்கிப் ஆனதுன்னு காட்டுச்சுன்னா லேப்டாப்பால சுருக்கி முடிக்க முடியல, நெட்ட எத்தனை தடவ மாத்தினாலும் சரியாகாது, ரெசொல்யூஷன குறைக்கணும் இல்ல கிராஃபிக்ஸ் கார்டுக்கு அந்த வேலைய மாத்தி விடணும். ரெண்டரிங் லேக்னால மிஸ் ஆனதுன்னா அதுக்கும் முந்தின எடம், நாலு கேமரா படம், ஓரத்துல பூ மழை கிராஃபிக்ஸ், கீழ ஓடுற எழுத்துன்னு ஏத்தி வச்சிருக்கோம்ல, அதெல்லாம் சேத்து ஒரு படமா வரையவே கிராஃபிக்ஸ் கார்டுக்கு முடியல. மே மாசம் ஏசி இல்லாத மண்டபத்துல, ஹோமப் புகைக்குப் பக்கத்துல லேப்டாப்ப வச்சா கடைசி ரெண்டும் சேந்து ஏறும், சூடானா லேப்டாப் தானே வேகத்த குறைச்சுக்கும். டேபிள் ஃபேன் ஒண்ணு லேப்டாப்புக்கு தனியா வேணும், கேட்டு வாங்கிருங்க, கூச்சப்படாதீங்க.

பாக்குறவங்க பக்கம் நடக்குறது வேற. நான் ஒரே ஒரு ஸ்ட்ரீம்தான் அனுப்புறேன். யூடியூப் அத வாங்கி 144பில இருந்து நான் அனுப்புன அளவு வரைக்கும் பல சைஸா மாத்தி வச்சுக்கும், இதுதான் டிரான்ஸ்கோடிங். அப்புறம் சின்ன சின்ன துண்டா வெட்டி அங்கங்க இருக்குற சர்வர்ல வைக்கும், அந்த சர்வர் கூட்டத்துக்கு சிடிஎன்னு பேரு, சிங்கப்பூர்காரருக்கு அவர் பக்கத்துல இருக்குற சர்வர்ல இருந்து போகும். அதனால நாலு பேர் பாத்தாலும் நாலாயிரம் பேர் பாத்தாலும் என் நெட்டுக்கு ஒண்ணும் ஆகாது. "லிங்க்க ரொம்ப பேருக்கு அனுப்பாதீங்க, ஸ்லோ ஆயிடும்"னு ஒரு பெரியப்பா வாட்ஸ்அப் குரூப்ல மெசேஜ் போட்டு சொந்தத்துல பாதி பேர பாக்க விடாம பண்ணிட்டாரு. நல்ல மனுசன், நமக்கு உதவி பண்றதா நெனச்சுதான் செஞ்சாரு.

பாக்குறவரோட போனு அவரு நெட்டுக்கு ஏத்த சைஸ தானா எடுத்துக்கும், அடாப்டிவ் பிட்ரேட்டுன்னு சொல்றது இதைத்தான். வர்ற துண்டுங்கள கொஞ்சம் முன்னாடியே வாங்கி சேத்து வச்சுக்கும், அதுதான் பஃபர், நம்ம வீட்டு பத்தாயம் கணக்கா: வர்ற நெல்ல விட திங்கிறது கூடிப்போனா ஒருநாள் பத்தாயம் காலி, அப்பதான் திரையில வட்டம் சுத்தும். அதனால "சுத்துது"ன்னு ஒருத்தர் போன் பண்ணா நான் கேக்குற முதல் கேள்வி "மத்தவங்களுக்கும் சுத்துதாங்க?" ஒருத்தருக்கு மட்டும்னா அவர் வீட்டு நெட்டு. எல்லாருக்கும்னா நம்ம பக்கம். இந்த ஒரு கேள்வி எவ்வளவு ஓட்டத்த மிச்சப்படுத்தும் தெரியுமா. நான் ஓபிஎஸ்ஸ நோண்டுறதுக்கு முன்னாடி தனி சிம் போட்ட ஒரு போன்ல அதே லிங்க்க ஓட விட்டு பக்கத்துலயே வச்சிருப்பேன், ஹெட்போன் மாட்டி. அதுல நல்லா இருந்தா உக்காந்த எடத்த விட்டு எந்திரிக்க மாட்டேன்.

லேட்டா வர்றது தனி வார்த்தை, லேட்டன்சி. துண்டா வெட்டி, சேத்து வச்சு, அனுப்பி, அங்க பஃபர்ல தங்கி வர்றதால நார்மல் செட்டிங்ல 20, 30 செகண்ட் பின்தங்கித்தான் வரும். ஆப்பிள் 2009ல கொண்டு வந்த எச்எல்எஸ்ஸும் அதுக்கு பின்னாடி வந்த டேஷும் இப்படி துண்டு போட்டு அனுப்புற முறைதான். இது கோளாறு கிடையாது. ஒரு கல்யாணத்துல சிங்கப்பூர் சித்தப்பா ஒரு காதுல அண்ணனோட போன்ல லைன்ல இருந்துகிட்டே டிவில லைவ் பாத்துருக்காரு, போன்ல கெட்டிமேளம் கேட்டுச்சு, டிவில மாப்ள இன்னும் தாலிய கையிலயே வாங்கல, "என்னடா தாலி கட்டுறதுக்குள்ள மேளம் அடிச்சிட்டானுவ"ன்னு அங்கிருந்து சத்தம் போட, இங்க அண்ணன் "கட்டியாச்சுடா, மூணாவது முடிச்சும் போட்டாச்சு"ன்னு சொல்ல, ரெண்டு பேரும் மாறி மாறி சத்தியம் பண்ணிக்கிட்டாங்க. லோ லேட்டன்சி, அல்ட்ரா லோன்னு ஆப்ஷன் இருக்கு, ஆனா லேட்ட குறைக்க குறைக்க பத்தாயம் சின்னதாகுது, அங்க கொஞ்சம் நெட்டு ஆடினாலும் சுத்த ஆரம்பிச்சிரும். கல்யாணத்துக்கு நார்மல்தான் சரி. லைவ்ல உக்காந்து பேசிக்கிட்டே கேள்வி பதில் பண்றவங்களுக்கு லோ வச்சுக்கலாம்.

இப்ப சத்தம். இதுலதான் நம்ம டெல்டா கல்யாணம் வெளியூர்க்காரன் சொல்லிக் குடுக்குற எந்த பாடத்துக்கும் அடங்காது, ஏன்னா அவனுக்கு மைக்னா பேசுறதுக்கு, நமக்கு மைக்னா நாயனமும் தவிலும்.

போன்லயும் சில சாஃப்ட்வேர்லயும் நாய்ஸ் சப்ரெஷன் தானா ஆன் ஆகி இருக்கும். அது மனுசக் குரல மட்டும் வச்சுக்கிட்டு மிச்சத்த வெட்டும், விடாம ஒரே மாதிரி கேக்குற சத்தத்த ஃபேன் சத்தம்னு நெனச்சு அழிக்கும். சுருதிப்பெட்டி விடாம ஒரே மாதிரிதான கேக்கும், அது முதல்ல போயிரும். நாயனக்காரர் ஒரு ஸ்வரத்த புடிச்சு இழுத்து நிப்பாட்டுவாரு பாருங்க, அது ரெண்டாவது போயிரும். தோடி ஆலாபனை கேக்க உக்காந்தவங்களுக்கு நடு நடுவுல ரெண்டு பேர் காப்பி கேக்குற சத்தம் மட்டும் தெளிவா கேக்கும். நரசிங்கம்பேட்டை நாயனத்துக்கு 2022ல புவிசார் குறியீடே குடுத்தாச்சு, இந்த சாஃப்ட்வேருக்கு அது இன்னும் இரைச்சல்தான். ஓபிஎஸ்ல அந்த ஃபில்டர எடுத்துருங்க, ஜூம் ஆப்ல பண்றதா இருந்தா ஒரிஜினல் சவுண்டுன்னு ஒண்ணு இருக்கு, அத ஆன் பண்ணிருங்க.

அடுத்தது ஆட்டோ கெயின். சத்தம் கூடினா குறைக்கும், குறைஞ்சா கூட்டும். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா தவில்ல வலந்தலையில நாலு அடி விழுந்தா மொத்தத்தையும் இறக்கிரும், அந்த நேரம் வாத்தியார் சொல்ற மந்திரம் காணாம போயிரும், மேளம் நின்னதும் மெதுவா ஏறி ஏறி ஃபேன் சத்தம் ஹோன்னு வரும். அதையும் ஆஃப் பண்ணிட்டு கையாலதான் லெவல் வைக்கணும். டிஜிட்டல்ல 0 டெசிபல்ங்குறது மேல் எல்லை, அத தொட்டா அலையோட தலை வெட்டுப்படும், கிளிப்பிங், கரகரன்னு கேக்கும், அப்புறம் எந்த எடிட்டிங்லயும் சரி பண்ண முடியாது. மந்திரத்த வச்சு லெவல் வச்சீங்கன்னா கெட்டிமேளத்துல நிச்சயம் வெட்டுப்படும். மேளத்த வச்சுத்தான் வைக்கணும், உச்சம் மைனஸ் 10 பக்கம் நிக்கிற மாதிரி, மேல ஒரு லிமிட்டர் ஃபில்டர், எல்லைய தாண்ட விடாம புடிச்சு வைக்கிறது. ஒருதடவ தவில்கார அண்ணன்கிட்ட போயி "அண்ணே, லெவல் பாக்கணும், கெட்டிமேளம் ஒரு தடவ வாசிச்சு காட்டுங்க"ன்னு கேட்டேன். "தாலி இல்லாம கெட்டிமேளமா, நல்லா கேட்ட போ"ன்னு சிரிச்சுட்டு முத்தாய்ப்பா வாசிக்கிற தீர்மானம் ஒண்ணு வாசிச்சாரு, அதுலயே ஊசி சிவப்புக்கு போயிடுச்சு. இப்பல்லாம் தீர்மானம்னே கேட்டு வாங்கிக்குறது.

மைக்செட்காரர் மிக்சர்ல இருந்து லைன் எடுக்குறது நல்ல வழக்கம், ஆனா ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, மிக்சர்ல இருந்து வர்றது லைன் லெவல், கேமரால மைக் லெவல் ஓட்டையில நேரா சொருகினா பல மடங்கு பலமா உள்ள போயி வெட்டுப்பட்டுத்தான் வரும், ஓபிஎஸ்ல எவ்வளவு குறைச்சாலும் கரகரப்பு சின்ன சத்தத்துல கேக்கும், அவ்வளவுதான். கேமரா மெனுவுல லைன்னு மாத்துங்க, இல்ல நடுவுல ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் வைங்க. ரெண்டு, மிக்சருக்குள்ள என்ன மைக் போகுதோ அதுதான் வெளிய வரும். நாயனத்துக்கு மண்டபத்துல மைக்கே வைக்க மாட்டாங்க, அதுவே ஊருக்கு கேக்கும்ல. அப்ப லைவ்ல வாத்தியார் பக்கத்துலயும் மேளம் எங்கயோ தெருக்கோடியிலயும் கேக்கும். மேளத்துக்கு ஒரு தனி மைக் நம்மளே எடுத்துட்டு போயி கொஞ்சம் தள்ளி வைக்கணும். உம்ம்னு ஒரு இரைச்சல் வந்தா லேப்டாப் சார்ஜர புடுங்கிப் பாருங்க, நின்னுச்சுன்னா கிரவுண்டு லூப், அதாவது எர்த் வழியா வர்ற இரைச்சல், நடுவுல அத பிரிச்சு விடுற டிஐ பாக்ஸ் போட்டா சரியாயிரும். ஒரு காதுல மட்டும் சத்தம் வந்தா மோனோன்னு டிக் அடிங்க.

வாய் ஒட்டாம போறது என்னன்னா படம் கேமரா, அத லேப்டாப்புக்குள்ள ஏத்துற கேப்சர் கார்டுன்னு சுத்தி லேட்டா வந்து சேருது, மிக்சர் சத்தம் நேரா வந்துருது. ஓபிஎஸ்ல சிங்க் ஆஃப்செட்னு மில்லி செகண்ட்ல ஒரு கட்டம் இருக்கு, சத்தத்த அவ்வளவு பிந்த வைக்கலாம். யாரையாவது மேடையில ஒரு தட்டு கை தட்டச் சொல்லி ரெக்கார்டு பண்ணி பாத்து நம்பர் போடுங்க. இதுக்கு நேர்மாறா, கேமரா மைக்லயே சத்தம் எடுத்தா மேடைக்கும் கேமராவுக்கும் தூரம் கணக்கு, காத்துல சத்தம் செகண்டுக்கு 340 மீட்டர் சொச்சம்தான் போகும், 34 மீட்டர் தள்ளி நின்னா பத்துல ஒரு செகண்ட் பிந்தும். ஆடியோ பிட்ரேட்டுல மிச்சம் புடிக்காதீங்க. வீடியோ 3000 கேபிபிஎஸ் போகும்போது சத்தத்துக்கு 64ன்னு வைக்கிறவங்க இருக்காங்க, 160 வச்சா என்ன கொறஞ்சிரப் போகுது.

காப்பிரைட்டு பத்தி கேக்காத ஆளே இல்ல. ரிசப்ஷன்ல சினிமா பாட்டு ஓடினா யூடியூப்போட கன்டென்ட் ஐடிங்குற சிஸ்டம் கண்டுபுடிச்சிரும், லைவ் ஓடும்போதே படத்துக்கு பதிலா ஒரு அட்டை வந்து நிக்கலாம், லைவே நின்னும் போகலாம். அன்லிஸ்டட்ல போட்டா தப்பிச்சிரலாம்னு நெனைக்காதீங்க, அன்லிஸ்டட்னா லிங்க் இருக்குறவங்க மட்டும் பாக்கலாம்ங்குறதுதான், தேடுறதுக்கு சிக்காது, சிஸ்டத்துக்கு சிக்கும். தியாகராஜர் 1847லயே காலமாயிட்டாரு, அவர் கீர்த்தனைய உங்க மேளக்காரர் வாசிக்கலாம், ஆனா அதே கீர்த்தனைய ஒரு வித்வான் பாடுன ரெக்கார்டிங்க ஸ்பீக்கர்ல போட்டீங்கன்னா அந்த ரெக்கார்டிங்குக்கு உரிமைக்காரங்க தனியா இருப்பாங்க. பாட்டுக் கச்சேரி நேரத்துல லைவ நிறுத்தி வைக்கிறேன்னு முன்னாடியே வீட்டுக்காரங்ககிட்ட சொல்லிருங்க.

புது யூடியூப் சேனல்னா லைவ் ஆப்ஷன் கேட்டதும் திறக்காது, முதல் தடவ 24 மணி நேரம் வரைக்கும் ஆகும், கல்யாணத்தன்னைக்கு காலையில சேனல் ஆரம்பிக்கிறேன்னு வர்ற மாப்ள தம்பிங்ககிட்ட இத சொல்லி வைங்க. ஆட்டோ ஸ்டாப்ப ஆஃப் பண்ணிருங்க, இல்லன்னா கரண்டு போயி வர்றதுக்குள்ள லைவே முடிஞ்சதா ஆயிடும், புது லிங்க் அனுப்பணும், எல்லாருக்கும் போய் சேராது.

கரண்டுன்னதும் ஞாபகம் வருது. ஜெனரேட்டர் மாத்துற அந்த கொஞ்ச நேரத்துல லேப்டாப் பேட்டரில ஓடும், ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் அணைஞ்சு திரும்ப எந்திரிக்க ரெண்டு மூணு நிமிசம் எடுத்துக்கும். 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒண்ணு மாட்டிட்டா அந்த தொல்ல இல்ல. ரெக்கார்டிங்க எம்கேவில வைங்க. எம்பி4ம் எம்கேவியும் கோடெக் கிடையாது, கன்டெய்னர், வீடியோவையும் ஆடியோவையும் சேத்து கட்டி வைக்கிற டப்பா. சாதா எம்பி4 தன்னோட அட்டவணைய கடைசியிலதான் எழுதும், நடுவுல கம்ப்யூட்டர் அணைஞ்சா மூணு மணி நேர ஃபைல் திறக்காது. எம்கேவி அணைஞ்ச வரைக்கும் ஓடும், அப்புறம் ஓபிஎஸ்லயே ரீமக்ஸ் குடுத்தா தரம் குறையாம எம்பி4 ஆயிரும்.

லைவ் 12 மணி நேரத்துக்குள்ள முடிச்சா யூடியூப்ல தானா வீடியோவா தங்கிரும். ஆனா வீட்டுக்காரங்களுக்கு பென்டிரைவ் வேணும், அதுவும் ஹால்ல இருக்குற பழைய டிவில ஓடணும். எச்இவிசில குடுத்தா அதுல சத்தம் மட்டும் வரும், படம் வராது. வீடியோ எச்.264, ஆடியோ ஏஏசி, டப்பா எம்பி4ன்னு குடுங்க, அனேகமா எல்லாத்துலயும் ஓடும். பழைய டிவி பலதும் ஃபேட்32ன்னு ஃபார்மேட் பண்ண பென்டிரைவத்தான் படிக்கும், அதுல ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல ஏறாது, அதனால மாப்ள அழைப்பு, முகூர்த்தம், நலுங்குன்னு தனித்தனி ஃபைலா வெட்டிப் போடுறேன். வாட்ஸ்அப்ல அனுப்பச் சொன்னா வீடியோவா அனுப்பாதீங்க, அது திரும்ப ஒரு தடவ சுருக்கிரும், டாக்குமென்ட்டுன்னு போட்டு அனுப்புங்க, 2 ஜிபி வரைக்கும் அப்படியே போகும். தாலி கட்டுற அந்த ரெண்டு நிமிசத்த மட்டும் லைவ்ல இருந்து எடுக்காம கேமரா கார்டுல இருக்குற ஒரிஜினல்ல இருந்து வெட்டி தனியா அனுப்பிருங்க, சித்தப்பாவுக்கு அட்சதை ஒவ்வொண்ணும் தெரியும்.